முடியாது என்று ஒரு வரி

என் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள். தப்பு. வீட்டில் இருந்த கோபம் முழுவதும் எனக்கு வந்துவிட்டது. அவளுக்கு மிஞ்சியது பிடிவாதம்தான். கோபம் விருந்தாளி மாதிரி, வந்த சுருக்கில் போய்விடும். பிடிவாதம் வீட்டோடு மாப்பிள்ளை. சின்ன வயதில் ஒருநாள் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டுநர் அந்தப் பெரிய ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வளைத்துத் திருப்புவதை அவள் பார்த்தாள். நானும் இதை ஓட்டுவேன் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அவர்கள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்த முடிவு அப்படியே இருந்தது.

நகராட்சி பஸ் டிப்போவில்தான் அவளுக்கு வேலை. ஓட்டுகிற வேலை இல்லை, கழுவுகிற வேலை. சீட்டுக்கு அடியில் ஒட்டிவைத்த பபுள்கம்மைச் சுரண்டி எடுப்பாள். கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளால் துடைப்பாள். டயரை இரும்புக் கம்பியால் தட்டி, வருகிற சத்தத்தை வைத்தே காற்று குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கழுவும் கொட்டகையைக் கட்டிய மகராசன் பஸ்ஸை நேரில் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பஸ் உள்ளே போனால் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான் மிஞ்சும். அதிலும் ரிவர்ஸில்தான் விட வேண்டும். நாலு கண்ணாடியை உடைத்த பிறகு ஓட்டுநர்கள் சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போக ஆரம்பித்தார்கள். அவளிடம் கனரக லைசென்ஸ் இருந்தது. ஆக, அந்த டிப்போவில் இருந்த அத்தனை பஸ்ஸையும் ஓட்டிய ஒரே ஆள் என் அக்காதான். எல்லாம் பின்பக்கமாக.

முன்பக்கமாக ஓட்ட விடாததற்குக் காரணம், நாங்கள் அக்கரையார். நாலு தலைமுறைக்கு முன்னால் இந்த ஊருக்குச் சாலை போட ஆள் வேண்டும் என்று கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் கொள்ளுத் தாத்தாக்களைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். சாலை போட்டு முடித்தோம். திரும்பிப் போகக் கப்பலும் வரவில்லை, இங்கேயே இருங்கள் என்று யாரும் வாய் நிறையச் சொல்லவும் இல்லை. எங்கள் சுருட்டை முடியையும் அகல மூக்கையும் நூறு அடி தள்ளியிருந்தே கண்டுகொள்வார்கள். சாலை போட்டது நாங்கள், அதில் பஸ் ஓட்டுவது மட்டும் அவர்கள். நான் ஏன் கத்துகிறேன் என்று இப்போது புரிகிறதா?

அக்கா முப்பத்திரண்டு வயதில் ஓட்டுநர் வேலைக்கு முதல் மனுப் போட்டாள். அதற்குப் பிறகு வருடம் தவறாமல் போட்டாள். டிப்போ மேனேஜர் தங்கமான மனுஷர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வாயைத் திறந்தால் தேன். உட்காரச் சொல்வார், பிள்ளைகளை விசாரிப்பார், மனுவைப் பத்திரமாக வாங்கி வைப்பார். பத்தாவது தடவையோ என்னவோ, கொஞ்சம் மனசு விட்டுப் பேசினார். தனக்கு ஒன்றுமே இல்லையாம், பயணிகள்தான் ஏறமாட்டார்கள் என்று பயமாம். அதை எழுத்தில் கேட்டால் மட்டும், "மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு கடிதம் வரும். முதல் நியமனத்துக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு முடிந்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் நூலக ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஏதோ ஒரு சங்கத்திலிருந்து வந்த அம்மாள் பேசினார். இனத்தை வைத்து ஆளைத் தள்ளிவைக்கக் கூடாது என்று உலக நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, அதைக் கவனிக்க ஒரு குழு இருக்கிறது, நம் நாடும் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்றார். அதோடு, பாதிக்கப்பட்டவர் நேராக அந்தக் குழுவுக்கே எழுதலாம் என்று தனியாக இன்னொரு கையெழுத்தும் போட்டிருக்கிறதாம். அந்த இரண்டாவது கையெழுத்தைப் போட்டவர் அன்றைக்கு நல்ல தூக்கம் தூங்கி எழுந்திருக்க வேண்டும்.

எனக்குத் தொழில் டைப்பிங், ஜெராக்ஸ். டிப்போவுக்கு எதிரில் எட்டடிக்குப் பத்தடி கடை. குழுவுக்கு எப்படி எழுத வேண்டும் என்று விளக்குகிற ஒரு தாளைச் சங்கத்து அம்மாள் என்னிடம் கொடுத்து, நாற்பது நகல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். தன் தாளை வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். நகலின் கடைசி வரியில் இப்படி இருந்தது: "முதலில் சொந்த நாட்டில் உள்ள எல்லா வழிகளையும் முயன்று, முடிவான பதிலைப் பெற்றிருக்க வேண்டும்."

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். முடிவான பதில் என்றால் என்ன என்று கேட்டாள். முடியாது என்று எழுத்தில் வாங்க வேண்டும் என்றேன். அவ்வளவுதானே, பதினோரு வருஷமாக அதைத்தானே சொல்கிறார்கள், எழுதி வாங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டு வருடம் ஆயிற்று.

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், ஓர் அலுவலகத்திடமிருந்து "முடியாது" என்ற சொல்லை எழுத்தில் வாங்க முடியாது. மேனேஜர் முன்னால் அக்கா வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"சார், முடியாதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"நான் எப்பம்மா முடியாதுன்னு சொன்னேன்?"

"அப்ப முடியும்னு எழுதிக் குடுங்க."

"அவசரப்பட்டா எப்படிம்மா? பரிசீலனையில இருக்குல்ல."

அடுத்து நகராட்சி அலுவலகம். அங்கே தபால் வாங்குகிறவர் எதைக் கொடுத்தாலும் மேஜை அதிர முத்திரை குத்தி வாங்கிக்கொள்வார். அக்கா வந்தால் மட்டும் அவருக்கு மாடியில் வேலை வந்துவிடும். தொழிலாளர் அலுவலகம், குறைதீர்க்கும் பிரிவு, அமைச்சர் அலுவலகம் என்று ஒன்றையும் விடவில்லை. கோர்ட்டுக்கும் போனாள். நகராட்சி இன்னும் முடிவே எடுக்கவில்லையே, எடுக்காத முடிவை நாங்கள் எப்படித் தப்பு என்று சொல்வது, எடுத்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கே போனாலும் நாற்காலி கிடைத்தது, சிரித்த முகம் கிடைத்தது, பரிசீலனை கிடைத்தது.

ஒரு கட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். கோபம் வருகிற மாதிரி ஒரு மனு எழுதினால் பட்டென்று நிராகரித்துவிடுவார்கள் அல்லவா? நானே உட்கார்ந்து டைப் அடித்தேன். மேனேஜரை எருமை என்று மட்டும்தான் எழுதவில்லை, மற்றதெல்லாம் எழுதினேன். "தங்களின் மேலான ஆலோசனைகளுக்கு நன்றி. அவை பரிசீலனையில் உள்ளன" என்று பதில் வந்தது. எருமை மேல் மழை பெய்தாலாவது வாலை ஆட்டும்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மெத்தை தைக்கிறவர், சாதுவான மனிதர். ஊரில் எல்லாரும் காரியம் ஆக வேண்டும் என்று அலைகிறார்கள், என் பெண்டாட்டி ஒருத்திதான் ஆகாது என்று சொல்லச் சொல்லி அலைகிறாள் என்பார். சொல்லிவிட்டு, வந்த கடிதத்தைத் தேதிவாரியாக அடுக்கித் துணிப் பையில் வைப்பார். அந்தப் பையையும் அவர்தான் தைத்தார்.

அக்காவுக்கு நாற்பத்துநாலு வயதும் ஏழு மாதமும் ஆனபோது சங்கத்து அம்மாள் மறுபடி எங்கள் ஊரில் கூட்டம் போட வந்தார். கடைக்கு வந்து அதே தாளை நீட்டி, அதே மாதிரி நாற்பது நகல் கேட்டார். இந்தத் தடவை தாள் கண்ணாடியில் கோணலாக விழுந்துவிட்டது. எடுத்துத் திருப்பினேன்.

பின்பக்கமும் அச்சாகியிருந்தது.

முன்பக்கம் முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்ததால் நாற்பது பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன் எனக்கே வரவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன? பின்பக்கத்தின் முதல் வரி இது: "ஆனால், பதில் தராமல் நியாயமற்ற அளவுக்கு இழுத்தடித்தால், முடிவான பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை."

இரண்டு வருடம். வயது வரம்புக்கு மிச்சம் ஐந்து மாதம். பதினைந்து வருடமாகத் தொழில் செய்கிறவன், தாளைத் திருப்பிப் பார்க்காமல் என் சொந்த அக்காவின் இரண்டு வருடத்தைத் தின்றுவிட்டேன். ஊரில் உள்ளவனை எல்லாம் திட்டுகிற வாய்க்கு அன்றைக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு நேராக டிப்போவுக்குப் போனேன். அக்கா ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்தேன். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் தெரியுமே என்றாள். திருப்பு என்றேன்.

படித்தாள். மறுபடி படித்தாள். என்னைத் திட்டுவாள், வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, இதை மறைப்பானேன்.

பன்னிரண்டாம் நாள் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். மேஜையில் கவிழ்த்தாள். மொத்தம் நாற்பத்தேழு கடிதங்கள். நாற்பத்தேழிலும் பரிசீலனை.

"நீ மட்டும் ஒழுங்கா காப்பி எடுத்திருந்தா, எங்கிட்ட இதுல பாதிகூட இருந்திருக்காது," என்றாள். "இழுத்தடிச்சதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? உட்காரு, டைப் அடி. ரெண்டு பக்கமும் அடி."

அன்றைக்குத்தான் மூச்சு வந்தது எனக்கு. சங்கத்து அம்மாள் கூடவே உட்கார்ந்து வாசகங்களைத் திருத்தினார். நாற்பத்தேழு கடிதங்களையும் இரண்டு பக்கமும் நகல் எடுத்தேன். பின்பக்கம் ஒன்றுமே இல்லாததையும் எடுத்தேன். அக்கா சிரித்தாள், சிரிக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

குழு ஆமை வேகம். அதையும் சொல்லிவிடுகிறேன், நமக்கு வேண்டியவர்கள் என்பதற்காக விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஆள் நான் இல்லை. புகாரைப் பதிவு செய்தோம் என்று ஓர் எண் வருவதற்குள் அக்காவுக்கு நாற்பத்தைந்து முடிந்தது. அன்று காலை அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். மத்தியானம் சாப்பாட்டு வேளையில், பாதி கழுவிய ஒரு பஸ்ஸில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து அழுதாள் என்று மாமா பிறகு சொன்னார். என்னிடம் அவள் சொல்லவில்லை.

குழு கேட்டதற்கு அரசாங்கம் பதில் அனுப்பியது. அந்தப் பெண்மணிக்கு நாங்கள் வேலை மறுக்கவே இல்லை, ஒரே ஒரு கடிதத்திலாவது மறுத்ததாகக் காட்ட முடியுமா என்று. படித்துவிட்டு நான் குதித்த குதியில் ஸ்டேப்ளர் உடைந்தது. அக்கா நிதானமாக, அதைத்தானே நாமும் சொல்கிறோம் என்றாள். எங்கள் பதில் ஒரே பத்திதான்: மறுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை, இந்தப் பதினான்கு வருடமாக டிப்போவில் ஓர் அக்கரையார் ஓட்டுநர்கூட இல்லை.

குழுவின் கருத்து வந்தபோது அக்காவுக்கு நாற்பத்தேழரை. ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கிறது, இத்தனை வருடம் பதில் சொல்லாமல் இருப்பதே மறுப்புத்தான், இந்தப் பெண்மணிக்கு உரிய நிவாரணம் கொடுங்கள், அவர் மாதிரிக் காத்திருப்பவர்களின் மனுக்களையும் எடுத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். தெருவே கூடிவிட்டது. கருத்து என்றால் கட்டளை இல்லை, கேட்டால் கேட்கலாம், கேட்காவிட்டால் போலீஸ் வராது என்று சங்கத்து அம்மாள் சொன்னதும் தெரு கலைந்துவிட்டது. அரசாங்கம் கிணற்றில் போட்ட கல்லாக ஐந்து மாதம் கிடந்தது.

பிறகு குழு நம் நாட்டையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற முறை வந்தது. எல்லா நாட்டுக்கும் அப்படி ஒரு முறை வருமாம். அது கம்ப்யூட்டரில் நேரடியாகத் தெரியும் என்றார்கள். என் எட்டடிக் கடைக்குள் பதினாறு பேர் நின்று பார்த்தோம். நம் அதிகாரிகள் கோட்டுப் போட்டு வரிசையாக உட்கார்ந்து, சிறுபான்மையினர் இங்கே எவ்வளவு சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் படித்தார்கள். கேட்கக் கேட்க, இந்த நாட்டுக்கே குடிபோய்விடலாம் போலிருந்தது. படித்து முடித்ததும், குழுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மைக்கைப் போட்டு, அந்தப் பஸ் கழுவும் பெண்மணிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். எங்கோ ஒரு பெரிய ஹாலில், உலகத்துக்கு நடுவில், யாரோ என் அக்காவைப் பற்றி விசாரிக்கிறார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து ஆள் பார்க்காமல் இருக்க மூக்கைச் சிந்தினேன்.

எங்கள் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, அது பரிசீலனையில் உள்ளது என்றார்.

எத்தனை வருடமாக என்று அந்த அம்மாள் கேட்டார்.

அதிகாரி தாளைப் புரட்டினார். பக்கத்து அதிகாரியும் புரட்டினார். முன்பக்கம், பின்பக்கம், ஒன்றிலும் பதில் இல்லை. அக்கா முதலில் சிரித்தாள், பிறகு கடை மொத்தமும் சிரித்தது.

இருபத்தேழு நாளில் உத்தரவு வந்தது. பரிசீலனையில் கிடந்த எங்கள் ஆட்களின் மனுக்கள் எல்லாவற்றுக்கும் வயது வரம்பு தளர்த்தப்பட்டது, தேர்வுக்கு வரலாம். எட்டுப் பேர் போனார்கள், நாலு பேர் தேறினார்கள். ரிவர்ஸ் எடுக்கும் தேர்வில் அக்கா பஸ்ஸை விட்ட விதத்தைப் பார்த்துவிட்டு, தேர்வாளர் இன்னொரு தடவை செய்யச் சொன்னாராம். சந்தேகத்தால் இல்லை, பார்க்க ஆசையாக இருந்ததாம். அக்காவுக்கும் எங்கள் தெருத் தச்சரின் மகளுக்கும் ஏழாம் எண் வழித்தடம் கிடைத்தது. மேனேஜர் கைகொடுத்து, நான் எப்பவும் உங்கள் பக்கம்தான் என்றார்.

முதல் நாள் காலை ஆறரை மணி பஸ்ஸில் முதல் ஆளாக நான் ஏறினேன். புதுச் சட்டை. அக்கா என்னைத் தெரிந்தவள் மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நாலாவது நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறியது. ஓட்டுநர் முகத்தை எவன் பார்க்கிறான், எல்லாருக்கும் சீட்டு மேல்தான் கண். கடைசியாக ஓர் அம்மாள் படியில் ஒரு கால் வைத்தார். அக்காவைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

"ஏறலையாம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"அடுத்ததுல வர்றேன்."

"சரிம்மா," என்று அக்கா கதவை மூடப்போனாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நில்லு என்று கத்திக்கொண்டு நான் குதித்துவிட்டேன். அந்த அம்மாள் முகத்தை நான் பார்க்க வேண்டும். ஏனென்றால், பின்னால் வருகிற ஏழாம் எண்ணை ஓட்டி வருவது தச்சர் மகள்.

பன்னிரண்டு நிமிடம். அவர் ஒரு முனையில், நான் ஒரு முனையில். கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கிவைத்தேன். பஸ் வந்தது. கதவு திறந்தது. சுருட்டை முடியை இழுத்துக் கட்டிய தச்சர் மகள், ஏறுங்கம்மா என்றாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்தார். சாலையின் கோடிவரை பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு ஏறினார். நானும் ஏறினேன். பார்த்தால் ஒரே ஒரு சீட்டுத்தான் காலி, அவர் பக்கத்தில்.

கேள்விகளைத் தொடங்கலாம் என்று திரும்பினேன். அவர் மடியில் எக்ஸ்ரே உறை இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குமா?"

"நிக்கும்மா. வந்ததும் சொல்றேன்," என்றேன். அவர் இறங்கும்போது, தச்சர் மகளைப் பார்த்து நன்றிம்மா என்று சொன்னார். பழக்கத்தில் வந்ததோ, மனதில் வந்ததோ, எனக்குத் தெரியாது.

கடைசி நிறுத்தத்தில் அக்கா இறங்கி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் நடந்ததை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே பாட்டிலை மூடினாள்.

"முதல் ட்ரிப்பு. முப்பத்தெட்டு பேரு ஏறுனாங்க," என்றாள். "எல்லாரும் அவங்கவங்க இடம் வந்ததும் இறங்குனாங்க. பாதி வழியில கோவிச்சுக்கிட்டு என் பஸ்ஸ விட்டுக் குதிச்சு ஓடுனது ஒரே ஒருத்தன். அதுவும் என் கூடப்பொறந்தவன்."

அவள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஏறினேன்.